வலது பக்க பேரிங்

அத்தியாயம் 6

"நாலு மணிக்குள்ள எனக்குத் தெரியணும் சார். என் தம்பி சொல்றது நிஜமா இல்லையா? நிஜம்னா என் புருஷனை என்ன பண்றதுன்னு நான் பார்த்துக்கறேன். பொய்னா என் தம்பியை என்ன பண்றதுன்னும் நானே பார்த்துக்கறேன்."

எதிரில் இருந்த பெண்மணி இதைச் சொன்ன விதத்தில், இரண்டு ஆண்களில் ஒருவருக்கு இன்று ராத்திரி சோறு கிடையாது என்பது ரேடியோவுக்குப் புரிந்தது.

ரேடியோ என்பது ஒரு பெண். வாயை மூட ஸ்விட்ச் கிடையாது என்பதால் வந்த பெயர். செக்கரின் அண்ணன் மகள், அவருடைய உதவியாளர், டிரைவர், தேவைப்பட்டால் மனசாட்சி. செக்கர் முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் யாரிடமும் டிக்கெட் கேட்க முடியாத ஏக்கத்தில் துப்பறியத் தொடங்கியவர்.

"முதல்லேர்ந்து சொல்லுங்கம்மா," என்றார் செக்கர்.

விஷயம் இதுதான். அந்த அக்காவின் தம்பி, ஊரே பட்டாசு என்று கூப்பிடும் பையன், மேடு பள்ளத்தில் மண்ணைக் கிளப்பிக்கொண்டு ஓட்டும் மோட்டார் சைக்கிள் பந்தயக்காரன். போன ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது சுற்றில், இறக்கத்தில் வரும்போது முன் சக்கரம் தள்ளாடி, இறுகி, நின்றுவிட்டது. வண்டி நின்றது, பட்டாசு நிற்கவில்லை. கழுத்தெலும்பும் வலது மணிக்கட்டும் முறிந்து, இப்போது வீட்டில் படுத்துக்கொண்டு கூரையைத் திட்டிக்கொண்டிருக்கிறான். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பேரிங் துருப்பிடித்துச் சிதறிக் கிடந்தது. இரண்டு மாதம் முன்பு அதைப் புதிதாக மாற்றியதாகச் சொன்னவர் அக்காவின் புருஷன். தொழில் மெக்கானிக். ஒரு சக்கரத்துக்கு ஒரு நாள் எடுத்துக்கொள்வதால் பெயர் நிதானம்.

"இதுல சண்டை எங்கேர்ந்து வந்தது?" என்றார் செக்கர்.

"என் தம்பி வேற டீமுக்கு மாறிட்டான் சார். பந்தயத்துக்கு முந்தின வியாழக்கிழமை வந்து வண்டியை எடுத்துட்டுப் போகும்போது, 'மாமா, இனிமே நீங்க இதுல கை வைக்காதீங்க, அங்க ஆள் இருக்கு'ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டான். அவன் மாறப் போறது முன்னாடியே தெரிஞ்சு, அந்தக் கோபத்துல இவர் புதுசுன்னு சொல்லிப் பழசைப் போட்டு வெச்சாருன்னு தம்பி சொல்றான். பந்தயக் கிளப்லயும் அதே பேச்சு."

"உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"வாயே திறக்கல. நாலு நாளா திறக்கல. அதான் சார் எனக்குப் பயமா இருக்கு. நான் தம்பி வீட்டுல போய் உக்காந்திருக்கேன். போன்கூடப் பண்ணல." அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "நாலு மணிக்குக் கிளப் கமிட்டி. இவர் பாஸை ரத்து பண்ணப் போறாங்க. பண்ணிட்டா எந்தப் பந்தயத்துக்குள்ளயும் நுழைய முடியாது. வேற தொழிலும் அவருக்குத் தெரியாது."

"புதுசா கத்துக்கிட்டாலும் முடிக்க இருபது வருஷம் எடுத்துப்பார் போல," என்றாள் ரேடியோ.

அக்கா சிரிக்கவில்லை. செக்கர் எழுந்தார். "மூணு மணிக்கு உங்க வீட்டுக்கு வந்துடுங்கம்மா. பதில் அங்க இருக்கும்."

---

கிளப் செயலாளர் தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு சதியைக் கண்டுபிடித்த பூரிப்பில் இருந்தார். ஆதாரத்தைச் சாப்பாட்டு டப்பாவில் போட்டு, டப்பாவை அலமாரியில் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டியிருந்தார்.

"பாருங்க சார். வலது பக்க பேரிங். துரு! இதைப் போய் புதுசுன்னு சொன்னா நம்பற மூஞ்சியா எனக்கு?"

அந்தக் கேள்விக்கு ரேடியோவிடம் பதில் இருந்தது. செக்கர் அவள் காலை மிதித்தார்.

பேரிங் என்பது பெரிய மர்மம் ஒன்றுமில்லை. வெளியே ஒரு வளையம், உள்ளே ஒரு வளையம், நடுவில் சின்ன இரும்புக் குண்டுகள், குண்டுகளைச் சுற்றி கிரீஸ். மண்ணும் தண்ணீரும் உள்ளே போகாமல் வெளிப்பக்கத்தில் ஒரு ரப்பர் மூடி. சக்கரத்தின் நடுவில் வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று. வலது பக்கத்தது இப்போது துருப்பிடித்த இரண்டு வளையமும் ஒரு கைப்பிடி அளவு குண்டுகளுமாக இருந்தது. அதில் ஒட்டியிருந்த கிரீஸ் தண்ணீர் கலந்து வெளுத்துப் போயிருந்தது. ரப்பர் மூடியின் உதடு உள்பக்கமாக மடங்கியிருந்தது.

"இடது பக்கத்தது?" என்றார் செக்கர்.

"அது நல்லா இருக்கு. அதனால அது முக்கியமில்ல."

"நானும் பரீட்சையில தெரியாத கேள்வியை இப்படித்தான் முக்கியமில்லன்னு விட்டுடுவேன்," என்றாள் ரேடியோ.

செயலாளர் வேண்டாவெறுப்பாக இன்னொரு டப்பாவைத் திறந்தார். செக்கர் இடது பேரிங்கை ஆள்காட்டி விரலில் மாட்டிச் சுழற்றினார். சத்தமே இல்லாமல் சுற்றியது. உள்ளே கிரீஸ் நல்ல நீலமாக, சலவை சோப்பு மாதிரி இருந்தது.

"பந்தயத்துக்கு முன்னாடி வண்டியை யாரு சோதிச்சது?"

"நானே! எல்லா வண்டியையும் நான்தான் பார்ப்பேன்."

"சக்கரத்தைப் பிடிச்சு ஆட்டிப் பார்த்தீங்களா?"

"சார், அந்த வண்டியைப் பார்த்திருந்தா கேட்க மாட்டீங்க. அப்படி ஒரு பளபளப்பு! மத்தவன் வண்டியெல்லாம் சேத்துல புரண்ட எருமையா நிக்குது, இது கல்யாண மாப்பிள்ளையா நிக்குது. அவ்வளவு சுத்தமான வண்டியில எதை ஆட்டறது?"

"மாப்பிள்ளையைப் பெண் வீட்டுக்காரங்க பார்க்கற மாதிரியே பார்த்திருக்கீங்க," என்றாள் ரேடியோ. "சட்டையை மட்டும்."

செக்கர் இரண்டு டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டார். செயலாளர் மறுப்பதற்குள் வாசலைத் தாண்டியிருந்தார். பஸ்ஸில் பழகிய நடை அது. ஓடுவது போலத் தெரியாது, ஆனால் பிடிக்க முடியாது.

---

பட்டறை, நிதானத்தின் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. நிதானம் யாரோ ஒருவரின் சக்கரத்தை மேசையில் படுக்கப்போட்டு வேலை செய்துகொண்டிருந்தார். இவர்கள் தாங்கள் யார் என்று சொன்னதும் அவர் தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னார்.

"நான்தான் சார். பழைய பேரிங்கைப் போட்டேன். புதுசு போட்டேன்னு பொய் சொன்னேன். எழுதிக்குங்க. அவ்வளவுதான்."

ரேடியோ ஏமாந்துபோனாள். வண்டிக்குப் பெட்ரோல் போட்டு, டப்பாவைக் கிட்டத்தட்டத் திருடி, கடைசியில் ஆள் இப்படிப் பொசுக்கென்று ஒத்துக்கொண்டால் துப்பறிவதில் என்ன மரியாதை இருக்கிறது?

ஆனால் செக்கர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "நீங்க வேலையைப் பாருங்க. நான் சும்மா பார்த்துட்டு இருக்கேன்."

நிதானம் வேலையைப் பார்த்தார். சக்கரத்தின் நடுப்பகுதியைச் சூடான காற்று ஊதும் கருவியால் சுற்றிச் சுற்றிச் சூடாக்கினார். வீட்டுக்குள் போய் ஃப்ரீஸரிலிருந்து ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்தார். பிரித்தால் புது பேரிங், மேலே பனி பூத்திருந்தது.

"ஐஸ்கிரீம் தீர்ந்துபோச்சா?" என்றாள் ரேடியோ.

"குளிர்ல இது கொஞ்சம் சுருங்கும், சூட்டுல அது கொஞ்சம் விரியும். அப்போ அடிச்சுத் திணிக்க வேண்டாம், தானா போய் உக்காரும்." பேரிங்கின் வெளி வளையத்துக்குச் சரியான அளவில் ஒரு இரும்பு வளையத்தை அதன்மேல் வைத்து, சின்னச் சுத்தியலால் தட்டினார். "வெளி வளையத்துல மட்டும்தான் தட்டணும். உள்ளே தட்டினா குண்டெல்லாம் பள்ளம் போட்டுடும். அன்னிக்கே அதுக்கு ஆயுசு முடிஞ்சது." டிங், டிங் என்று வந்துகொண்டிருந்த சத்தம் திடீரென்று டொக் என்று மாறியது. அவர் உடனே நிறுத்தினார். உட்கார்ந்துவிட்டதாம். ரப்பர் மூடியின் உதட்டில் டப்பாவிலிருந்து கிரீஸை எடுத்து விரலால் மெதுவாகத் தடவினார். நீலக் கிரீஸ்.

சக்கரத்தை வண்டியில் மாட்டி, மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டினார். கண்ணை மூடிக்கொண்டு ஆட்டினார்.

"எதுக்கு கண்ணை மூடறீங்க?"

"கை சொல்றதைக் கேக்கணும்மா. ஒரு நூல் ஆட்டம் இருந்தாலும் என் கைக்குத் தெரிஞ்சிடும். ஒவ்வொரு சனிக்கிழமையும், மறுநாள் ஓடப்போற எல்லா வண்டியையும் இப்படி ஒரு தடவை பார்த்துடுவேன். இதுவரைக்கும் தப்பினதில்ல." சொல்லிவிட்டு, தான் ஒரு அயோக்கியன் என்பது ஞாபகம் வந்தவர் போலச் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

ரேடியோ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே நீளக் கம்பியில் பழைய பேரிங்குகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு அட்டை. "இதென்ன, தோரணமா?"

"கழட்டின பழசு. யாராவது மாத்தலையேன்னு சந்தேகப்பட்டா காட்டலாம்னு வெச்சிருக்கேன்."

அவள் ஒரு அட்டையை எட்டிப் படித்தாள். "பட்டாசு, முன் சக்கரம், வலது, இடது. தேதி... சரியா ரெண்டு மாசம் முன்னாடி."

நிதானம் சுத்தியலை எடுத்து எதையோ தட்ட ஆரம்பித்தார்.

"பழசு ரெண்டும் இங்க தொங்குது," என்றார் செக்கர் சாதுவாக. "அப்போ வண்டியில நீங்க போட்ட பழசு எது?"

"அது... வேற பழசு."

"நீங்க கழட்டின எல்லாப் பழசும் இங்கதானே இருக்கு?"

"ஆமா. இல்ல. அது..."

"கடைக்குப் போய் புதுசா ஒரு பழசு வாங்கிட்டு வந்தாரோ என்னவோ," என்றாள் ரேடியோ.

நிதானம் சுத்தியலைக் கீழே வைத்தார். "சார், நான்தான் ஒத்துக்கிட்டேனே. ஒத்துக்கிட்ட ஆளைப் போட்டு ஏன் சார் இந்தப் பாடு படுத்தறீங்க? கமிட்டியில போய்ச் சொல்லிடுங்க. முடிஞ்சது."

செக்கர் எழுந்து வெளியே போனார். அவர் முகத்தில் கவலை இருந்தது. பொய் சொல்பவரைப் பிடிப்பது அவருக்குப் பழக்கம்தான், ஆனால் இப்படிக் கெஞ்சும் பொய்யரை அவர் சந்தித்ததில்லை.

---

வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவில் ஒரு குறுகலான சந்து. பட்டாசின் வண்டி நின்ற இடம் அதுதான் என்று எண்ணெய்க் கறை சொன்னது. சைடு ஸ்டாண்டு பதிந்த குழியும் இருந்தது. வண்டியின் இடது பக்கம் சுவரை ஒட்டி நின்றிருக்கிறது. வலது பக்கத்தில் மட்டும்தான் ஆள் நிற்க இடம்.

"சித்தப்பா, இங்க வாங்க. சுவத்துல யாரோ வண்டியைப் படம் வரைஞ்சிருக்காங்க."

நிஜமாகவே இருந்தது. வெள்ளைச் சுவர் முழுக்கச் செம்மண் பூந்தூறலாக அடித்திருக்க, நடுவில் மட்டும் வெள்ளையாக ஒரு மோட்டார் சைக்கிள். பெட்ரோல் டேங்க், சீட்டு, இரண்டு சக்கரம், கம்பிகள்கூட மெல்லிய கோடுகளாக. எதிர்ப்பக்கத்திலிருந்து எதுவோ மண்ணை இந்த அளவுக்கு வேகமாக அடித்து விரட்டியிருக்கிறது. முன் சக்கரத்தின் நடுப்பகுதியைச் சுற்றித்தான் செம்மண் ரொம்ப கனமாகப் படிந்திருந்தது. அந்த இடத்தில் நின்று நிதானமாக, பலமுறை அடித்திருக்கிறார்கள்.

"வாளியில தண்ணி ஊத்தினா இப்படி வராது," என்றார் செக்கர்.

மூலையில் பிளாஸ்டிக் விரிப்பு போர்த்தி ஏதோ இருந்தது. ரேடியோ விலக்கினாள். மஞ்சள் நிறத்தில் தண்ணீரை அழுத்தத்தோடு பீய்ச்சும் மெஷின். துப்பாக்கி மாதிரிக் குழல். கைப்பிடியில் சிவப்பு ரிப்பன் இன்னும் அவிழ்க்காமல் கட்டியிருந்தது.

"அது என்னோடது," என்று பின்னால் குரல் கேட்டது.

அக்கா வந்துவிட்டாள். சரியாக மூன்று மணி. மெஷினைப் பார்த்ததும் அவள் முகத்தில் நாலு நாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம்.

"தம்பி வாங்கிக் குடுத்தான். ரெண்டு மாசமாச்சு. நல்லாருக்கில்ல? மாடிப்படி, தண்ணித் தொட்டி, எல்லாத்துக்கும் இதான். ஞாயித்துக்கிழமை அவன் பிராக்டிஸ் முடிஞ்சு வண்டியைப் போட்டுட்டுப் போனதும் நான்தான் கழுவுவேன். இவர் அப்போ வேற வண்டிங்களோட மைதானத்துல இருப்பாரு. அந்தச் சக்கரத்து நடுவுல சேறு அப்பிக்கிட்டு வரவே வராது சார். குழலைக் கிட்ட வெச்சு அஞ்சு நிமிஷம் அடிச்சாதான் போகும். வியாழக்கிழமை அவன் எடுத்துட்டுப் போகும்போது இன்னும் நல்லா அடிச்சேன். நம்ம வீட்டுலேர்ந்து போற வண்டி, அங்க போய் நம்மளைப் பத்தி நல்லபடியா சொல்லணுமில்ல?"

ரேடியோ கையிலிருந்த விரிப்பை நழுவவிட்டாள்.

பட்டறைக் கதவு படாரென்று திறந்தது. நிதானம் ஓடி வந்தார். அவர் ஓடியதை அந்தத் தெருவில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். "சார்! பேசாதீங்க! நான் ஒத்துக்கிட்டேன், பழசைத்தான் போட்டேன்! இவகிட்ட வேற எதுவும் சொல்ல வேண்டாம்!"

அக்கா புருஷனை எரித்துவிடுவது போலப் பார்த்தாள். "அப்போ நிஜம்தானா? என் தம்பி சொன்னது நிஜமா?"

"உங்க தம்பி நினைச்சதைச் சொன்னான், பொய் சொல்லலம்மா," என்றார் செக்கர். "பொய் சொன்னது உங்க வீட்டுக்காரர்தான். இன்னிக்கு, என்கிட்ட. தான் தப்பு பண்ணினதா."

"பண்ணாம ஏன் சார் ஒருத்தர் அப்படிச் சொல்வாரு?"

செக்கர் கையிலிருந்த டப்பாக்களைத் திறந்து, இரண்டு பேரிங்கையும் அவளிடம் நீட்டினார். "முப்பது வருஷத்துல, டிக்கெட் இல்லாதவன் இருக்குன்னு சொல்லிக் கேட்டிருக்கேன். கையில டிக்கெட்டை வெச்சுக்கிட்டு இல்லன்னு சொல்றவரை இன்னிக்குத்தான் பார்க்கறேன். அப்படி ஒருத்தர் சொல்றார்னா ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். பக்கத்து சீட்டுல இருக்கறவங்ககிட்ட டிக்கெட் இல்ல."

அவள் பேரிங்குகளைப் பார்த்தாள். இடதில் நீலக் கிரீஸ். வலதில் துருவும், உள்ளே மடங்கிய ரப்பர் உதடும், தண்ணீரில் வெளுத்த கிரீஸும். சுவரைப் பார்த்தாள். சக்கரத்தின் நடுவைச் சுற்றித் திட்டுத் திட்டாக இருந்த செம்மண்ணைப் பார்த்தாள். கடைசியாக மெஷினைப் பார்த்தாள்.

"தண்ணியா?" என்றாள். "நான் அடிச்ச தண்ணி உள்ளே போயிடுச்சா?"

செக்கர் காலி டப்பாக்களை மூடினார்.

"என் பிள்ளை மாதிரி வளர்த்தவனை நானே..." அவள் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நீங்க ஏங்க சொல்லல? உங்களுக்கு எப்போ தெரியும்?"

"ஞாயித்துக்கிழமையே. தண்ணி வேகத்துல மூடி உள்ளே மடங்கியிருந்ததைப் பார்த்ததும்." நிதானம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "நான் பண்ணினேன்னா உன் தம்பி என்னைத் திட்டுவான். நீ பண்ணினதுன்னா நீ உன்னையே திட்டிப்ப. அவன் திட்டறது எனக்குப் பழக்கம். நீ உன்னைத் திட்டிக்கிட்டு உக்காந்திருக்கறதைப் பார்க்கத்தான் எனக்குத் தெம்பில்ல."

"அதுக்காக தொழிலை விட்டுடுவீங்களா?"

"யோசிச்சுட்டு இருந்தேன்."

"நாலு நாளா?"

"அவசரப்பட முடியுமா?" என்றார் நிதானம்.

அவள் அழுகைக்கு நடுவே அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பிறகு எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, மஞ்சள் மெஷினின் கைப்பிடியைப் பிடித்தாள். "வாங்க. மணி மூணரை."

---

கமிட்டி அறையில் அவள் மெஷினை மேசைமேல் தூக்கி வைத்தாள். தலைவர் முதல் செயலாளர் வரை எல்லோருக்கும், குழலை எவ்வளவு கிட்டத்தில் பிடித்தாள் என்பது உள்பட, ஒன்று விடாமல் சொன்னாள். செயலாளரின் சதி கண்ணெதிரே கரைந்தது.

"அப்போ யார் மேல நடவடிக்கை எடுக்கறது?" என்றார் அவர் பரிதாபமாக.

"மெஷின் மேல எடுங்க சார்," என்றாள் ரேடியோ. "இந்த அறையில எதிர்த்துப் பேசாதது அது ஒண்ணுதான். இல்லன்னா வண்டியோட சட்டையை மட்டும் பார்த்துட்டு உள்ளே விட்டவர் மேல எடுங்க. உங்களுக்கு அவரைத் தெரிஞ்சிருக்கும்."

செயலாளர் கழுத்திலிருந்த சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். நிதானத்தின் பாஸ் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை.

எப்படியோ எழுந்து வந்திருந்த பட்டாசு தோளில் கட்டோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தான். அக்கா அவன் முன்னால் போய் நின்றாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "விடுக்கா, எலும்புதானே, ஒட்டிக்கும்," என்றான். ஆனால் அவன் கண் அவள் தோளைத் தாண்டி வாசலில் நின்ற மனிதரிடமே இருந்தது.

"மாமா."

"சொல்லு."

"நான் அன்னிக்கு கை வைக்காதீங்கன்னு சொல்லாம இருந்திருந்தா... சனிக்கிழமை நீங்க சக்கரத்தை ஆட்டிப் பார்த்திருப்பீங்க இல்ல? பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும் இல்ல?"

அக்காவும் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு நூல் ஆட்டத்தைக் கையால் கேட்கும் மனிதர், மச்சினனின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார்.

"இல்லடா," என்றார். "பார்த்திருந்தாலும் தெரிஞ்சிருக்காது. துரு உள்ளே இருந்தது."

ரேடியோ சட்டென்று நிமிர்ந்தாள். அந்த மனிதர் இன்று சொன்ன இரண்டாவது பொய் அது. அவள் வாய் திறப்பதற்குள் செக்கர் அவள் காலை மிதித்தார்.

செக்கருக்கும் தெரியும். முப்பது வருஷத்தில் முதல்முறையாக அவர் டிக்கெட் கேட்காமல் இறங்கி வெளியே நடந்தார்.